கலத்தின் பெயரும் பொருளும்: விழுப்புரம் வட்டார நிலப்பதிவேடுகளை முன்வைத்து

முன்னுரை

தமிழக வேளாண் வரலாற்றாய்வுக்கு நிலப்பதிவேடு முதன்மைச் சான்றாகும். அச்சான்று இன்று 'தமிழ்நிலம்' மென்பொருளின்வழித் தரவுத்தளமாகப் பேணப்படுகிறது. பதிவைப் போலவே, பதிவு இடம்பெற்ற கலத்தின் விளக்கமும் சான்றின் ஒரு பகுதியே என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

பதிவேட்டின் கலங்கள்

'அ' பதிவேட்டில் புல எண், பழைய புல எண், மண் வயனமும் ரகமும், தீர்வை, பரப்பு, பட்டா எண், குறிப்பு முதலிய கலங்கள் உள்ளன. '8-3' என்னும் பதிவில் முன்னெண் வயனத்தையும் பின்னெண் ரகத்தையும் சுட்டும். இதனை அறியாதவருக்கு அது வெறும் எண்ணே.

'பழைய புல எண்' இன்னும் நுட்பமானது. 1979 முதல் 1987 வரை நடைபெற்ற நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்திற்குப் பிந்தைய பதிவேட்டில் அது திட்டத்திற்கு முந்தைய எண்ணைக் குறிக்கும். விழுப்புரமும் திண்டிவனமும் தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்த காலத்துப் பழைய பதிவேட்டிலோ அதற்கும் முந்தைய அளவையின் எண்ணைக் குறிக்கும். தலைப்பு ஒன்று; பொருள் இரண்டு. 1892ஆம் ஆண்டு அரசாணையின்வழி ஒடுக்கப்பட்ட மக்களுக்கு வழங்கப்பட்ட பஞ்சமி நிலத்தின் தொடர்ச்சியைத் தேடுபவர் இவ்வேறுபாட்டை அறியாவிடின் வேறொரு புலத்தைச் சென்றடைவார்.

தரவுத்தளத்தின் தன்விளக்கம்

தொடர்புசார் தரவுத்தள மாதிரியை 1970இல் முன்வைத்தவர் எட்கர் காட். தரவுத்தளம் பற்றிய விவரங்களும் அட்டவணைகளாகவே அமைந்து, தரவை வினவும் மொழியாலேயே வினவப்பட வேண்டும் என்பது 1985இல் அவர் வகுத்த விதிகளுள் நான்காவது. இதன்படி ஆரக்கிள் தரவுத்தளத்தில் அட்டவணைகளின் விளக்கக் குறிப்புகள் ஒரு பட்டியலிலும், நெடுவரிசைகளின் குறிப்புகள் மற்றொன்றிலும் உள்ளன. அட்டவணைப் பெயரைக் கொண்டு இரண்டையும் இணைத்துப் பெறலாம். மைஎஸ்கியூஎல் நெடுவரிசையின் பெயர், தரவு வகை ஆகியவற்றோடு குறிப்பையும் ஒரே பட்டியலில் தருகிறது.

எனினும் பெயரும் வகையும் இன்றி அட்டவணையை உருவாக்க இயலாது. குறிப்பு இன்றி உருவாக்கலாம். எழுதப்படாத குறிப்பை எந்த வினவலும் மீட்டுத் தராது. எழுதப்பட்ட குறிப்பும், தரவைக் காற்புள்ளியால் பிரித்த உரைக்கோப்பாகப் படியெடுக்கும்போது விடுபடும்.

முடிவுரை

ஆகவே, தரவைப் பெறும் ஆய்வாளர் முதலில் விளக்கக் குறிப்புகளை வினவிப் பெற்று, பெற்ற நாளிட்டுத் தரவுடன் சேர்த்துப் பேணுதல் வேண்டும். குறிப்பு வெற்றிடமாயின், மூலப்பதிவேட்டின் தலைப்பையும் அது வழங்கிய காலத்தையும் ஒப்பிட்டு எழுதிச் சேர்த்தல் வேண்டும். 'மாவட்டம்' என்னும் எளிய கலத்திற்கும் இது பொருந்தும். 30.09.1993இல் விழுப்புரம் மாவட்டம் உருவாவதற்கு முன்னும் பின்னும் ஒரே ஊர் இருவேறு மாவட்டப் பெயர்களில் பதிவாகியுள்ளது.