சாலையோரத்தில் ஒரு கணம்

தலைவர்களின் பயணங்களை வரலாற்று நூல்கள் கவனமாகக் குறித்து வைக்கின்றன. எந்த நாளில் வந்தார், எந்த மேடையில் பேசினார், எந்தத் தீர்மானம் நிறைவேறியது என்பனவெல்லாம் அவற்றில் கிடைக்கும். ஆனால் அத்தலைவர் கடந்து சென்ற சாலையோரத்தில் கால்கடுக்க நின்ற மனிதரைப் பற்றி அந்நூல்கள் பேசுவதில்லை. அம்மனிதருக்கோ அந்த ஒரு கணமே வாழ்நாள் முழுமைக்குமான வரலாறாகிவிடுகிறது. சென்னையின் மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று நீளும் ஊர்களில் வாழ்கின்ற நமக்கு இத்தகைய கணங்கள் புதியவை அல்ல. ரயில் பாதையும் நெடுஞ்சாலையும் ஓடும் ஊர்களில் பெரியோர் தங்குவது அரிது. கடந்து போவதோ அடிக்கடி நிகழ்வது.

1955-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் இந்திய தேசியக் காங்கிரசின் அறுபதாவது மாநாடு ஆவடியில் கூடியது. அன்று ஆவடி செங்கற்பட்டு மாவட்டத்தைச் சார்ந்த சிற்றூர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் படையினர் தங்கிச் சென்ற பரந்த நிலம் அங்கே இருந்தது. ரயில் வசதியும் இருந்தது. மாநாட்டுக்கென எழுந்த நகருக்குச் சத்தியமூர்த்தி நகர் என்று பெயரிட்டனர். 1943-இல் மறைந்த தீரர் சத்தியமூர்த்தி, அப்போது முதலமைச்சராயிருந்த காமராசரின் அரசியல் ஆசான் என்பதை அறிந்தோருக்கு அப்பெயரின் பொருத்தம் விளங்கும். யு. என். தேபர் தலைமை தாங்கினார். பிரதமர் நேரு முன்னின்று நடத்த, சமதர்மப் பாணியிலான சமுதாயமே நம் இலக்கு என்ற தீர்மானம் அங்கே நிறைவேறியது. இந்தியப் பொருளாதாரத்தைப் பற்றி எழுதுவோர் ஆவடி என்ற பெயரை இன்றும் விடாமல் எழுதுவது அத்தீர்மானத்தின் பொருட்டே.

என் தந்தையார் அம்மாநாட்டுக்குச் சென்றிருந்தார். 'சென்றிருந்தார்' என்பதுகூடச் சற்று மிகையே. மாநாட்டுப் பந்தலுக்குள் அவர் நுழையவில்லை. அம்பத்தூரிலிருந்து மிதிவண்டியில் புறப்பட்டுத் திருமுல்லைவாயிலைக் கடந்து, ஆவடிச் சாலையோரத்தில் ஒரு மரத்தடியில் வண்டியைச் சாய்த்துவிட்டுக் கூட்டத்தோடு நின்றார். நெடுநேரம் காத்திருந்தபின் கார் ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு கடந்து சென்றது. வெண்ணிறக் குல்லாய் ஒன்று கண்ணில் பட்டது. அவ்வளவுதான். வீடு திரும்பும்போது மிதிவண்டியின் காற்று இறங்கிப் போயிருந்ததால் பாதி வழி தள்ளிக்கொண்டே வந்தாராம்.

நான் சிறுவனாக இருந்தபோது கேட்ட கதை இது. ஆண்டுகள் செல்லச் செல்ல அக்கதையும் வளர்ந்தது. என் கல்லூரிக் காலத்தில் கார் சற்று மெதுவாகச் சென்றது. எனக்குத் திருமணமான காலத்தில் நேரு கையசைத்தார். என் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, தாத்தாவைப் பார்த்தே அவர் புன்னகை புரிந்தார். ஒருநாள் நான் பொறுமையிழந்து, "அப்பா, முன்பெல்லாம் குல்லாயை மட்டும் பார்த்ததாகத்தானே சொன்னீர்கள்?" என்று கேட்டுவிட்டேன். அவர் சினம் கொள்ளவில்லை. "அவ்வளவு தூரம் போனேனே, அப்பா" என்று மட்டும் சொன்னார். அந்த மறுமொழியின் பொருள் அன்று எனக்கு விளங்கவில்லை.

பின்னர் எண்ணிப் பார்க்கையில் விளங்கிற்று. புதிதாக விடுதலை பெற்ற நாட்டில், தொழிற்சாலை வேலையை நம்பி வாழத் தொடங்கிய ஓர் இளைஞர், சமதர்மம் பேச வந்த தலைவரைக் காணச் சென்றார். தலைவர் தம்மையும் கண்டிருக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஒருவகையில் அவருடைய உரிமையும்கூட. நினைவு அந்த உரிமையைத் தானே வழங்கிக்கொண்டது.

இதே காலத்தைச் சார்ந்த மற்றொரு கதையையும் தமிழ்நாடு நன்கறியும். முதலமைச்சர் காமராசர் தென்மாவட்டத்தில் பயணம் செய்கிறார். சேரன்மாதேவிக்கு அருகே ரயில்வே கேட் மூடியிருக்கிறது. காரைவிட்டு இறங்கி நிற்கும் அவர், அங்கே கால்நடை மேய்த்துக்கொண்டிருந்த சிறுவர்களிடம், பள்ளிக்குப் போகவில்லையா என்று வினவுகிறார். பள்ளிக்குப் போனால் சோறு யார் போடுவார் என்பது அவர்களின் மறுகேள்வி. அக்கேள்வியிலிருந்தே மதிய உணவுத் திட்டம் பிறந்தது என்று கதை முடிகிறது. சொல்வோருக்கேற்ப ஊரும் உரையாடலும் மாறுவதை நாம் கேட்டிருக்கிறோம்.

வரலாற்று மாணவர் இக்கதையை அப்படியே ஏற்கத் தயங்குவார். பள்ளியில் உணவளிக்கும் எண்ணம் அந்த ரயில்வே கேட்டருகே முதன்முதலாகத் தோன்றியதன்று. நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயரின் முயற்சியால் 1920-இலேயே சென்னை மாநகராட்சியின் ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் அது தொடங்கப்பட்டது. 1950-களில் மாநிலமெங்கும் அதைக் கொண்டு செல்லக் கல்வித்துறை இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு போன்றோரின் உழைப்பும், ஊர்தோறும் அரிசியும் காய்கறியும் அளித்த எளிய மக்களின் ஈகையும் தேவைப்பட்டன. ஒரு பெரிய திட்டம் ஒரேயொரு உரையாடலிலிருந்து பிறப்பதில்லை.

எனினும் இக்கதையைத் தள்ளிவிட என் மனம் இசையவில்லை. குடும்பச் சூழலால் பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்டவர் காமராசர். மாடு மேய்க்கும் சிறுவனிடம் அவர் அப்படிக் கேட்டிருக்கமாட்டார் என்று எவராலும் சொல்ல முடியாது. மக்கள் இக்கதையில் போற்றுவது அவருடைய பதவியை அன்று. அவர் கேட்ட கேள்வியை. என் தந்தையின் கதையில் கார் நிற்கவில்லை. ஆகவே புன்னகையைக் கற்பனையால் சேர்க்க வேண்டியதாயிற்று. இக்கதையிலோ கார் நின்றது. ரயில் கடக்கும்வரை முதலமைச்சரும் மாட்டுக்காரச் சிறுவனும் ஒரே கம்பத்தின் முன் காத்து நிற்கவேண்டியிருந்தது. அந்தக் காத்திருப்பில் ஒருவர் மற்றவரைக் கண்டார். கண்டதற்குச் சான்றாகப் பள்ளிக்கூடத்துத் தட்டில் சோறு விழுந்தது.

மூன்றாவது நிகழ்ச்சியைச் சொல்லும்போது மனம் கனக்கிறது. 1991-ஆம் ஆண்டு மே 21. நாடாளுமன்றத் தேர்தல் பரப்புரைக்காக விசாகப்பட்டினத்திலிருந்து விமானத்தில் வந்த முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி, இரவு மீனம்பாக்கத்தில் இறங்கினார். அங்கிருந்து போரூர், பூந்தமல்லி வழியாகத் திருப்பெரும்புதூருக்குக் காரில் புறப்பட்டார். ஓட்டுநரின் அருகே முன்னிருக்கையில் அமர்ந்து, பின்னிருக்கையிலிருந்த பத்திரிகையாளர்களுக்குப் பேட்டியளித்தவாறே சென்றார். வழியில் ஆங்காங்கே கார் நின்றது, மக்கள் நெருங்கினர், அவரும் கை நீட்டினார்.

அவ்வாறு நெருங்க முடிந்ததற்குக் காரணம் உண்டு. பிரதமருக்கான சிறப்புப் பாதுகாப்புக் குழு 1985-இல் அமைக்கப்பட்டது. 1988-இல் இயற்றப்பட்ட சட்டம் பதவியிலிருக்கும் பிரதமருக்கே அப்பாதுகாப்பை வழங்கியது. 1989 தேர்தலில் ஆட்சியை இழந்தபின் ராஜீவுக்கு அது விலக்கிக்கொள்ளப்பட்டது. அவரும் மக்களிடமிருந்து தம்மைப் பிரித்த வேலிகளைத் தாண்டி வரவே விரும்பினார். அந்த இரவில் பூந்தமல்லிச் சாலையோரத்தில் நின்றவர்களுக்கு, என் தந்தைக்குக் கிடைக்காத அனைத்தும் கிடைத்தன. கார் நின்றது, முகம் தெரிந்தது, புன்னகையும் உண்மையானது.

இரவு பத்து மணிக்குப் பின், திருப்பெரும்புதூரில், மாலையிட வந்தவளாக நெருங்கிய ஒருத்தியின் உடலில் கட்டியிருந்த குண்டு வெடித்தது. அவளைத் தடுக்க முயன்ற பெண் காவல் அலுவலரை ராஜீவே அமைதிப்படுத்தினார் என்று, உயிர்தப்பிய அவ்வலுவலர் பின்னாளில் கூறியிருக்கிறார். ராஜீவுடன் பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் பலர் பணியிலிருந்த காவலர்கள். தலைவரைக் காண வந்த ஒரு தாயும் அவருடைய சிறு மகளும் அவர்களுள் அடங்குவர்.

இக்கொலை வழக்கை விசாரித்த தனி நீதிமன்றம் அமைந்ததும் பூந்தமல்லியிலேதான். 1998 ஜனவரி 28-இல் இருபத்தாறு பேருக்கு மரண தண்டனை விதித்த தீர்ப்பு அங்கே வெளியாயிற்று. மறு ஆண்டு மே 11-இல் உச்ச நீதிமன்றம் அவர்களில் பத்தொன்பது பேரை விடுவித்து, நால்வருக்கு மட்டுமே அத்தண்டனையை உறுதி செய்தது. உயிருடன் ஒருவர் கடந்து சென்ற ஊரே அவருடைய சாவுக்கு நீதி தேடும் ஊராகவும் ஆனது.

அன்றிரவு பூந்தமல்லியில் அவருடைய கையைத் தொட்ட ஒருவரைப் பல ஆண்டுகளுக்குப் பின் நான் சந்தித்தேன். என் தந்தையைப் போலவே அவரும் அக்கதையைப் பெருக்கிச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவரோ, "கை கொடுத்தார். சூடாக இருந்தது" என்றதோடு நிறுத்திக்கொண்டார். உண்மை அளவுக்கு மீறிப் பெரிதாகிவிட்டபோது நினைவு அதற்கு எதையும் சேர்ப்பதில்லை போலும்.

1991-இல் சட்டம் திருத்தப்பட்டு முன்னாள் பிரதமர்களும் அப்பாதுகாப்புக்குள் கொண்டுவரப்பட்டனர். அதன்பின் தலைவர்கள் வரும் சாலைகளில் சவுக்குக் கட்டைகளால் வேலிகள் எழுந்தன. முன்னும் பின்னும் வண்டிகள் விரைய, கருங்கண்ணாடிக் கார்கள் பறக்கின்றன. இதைக் குறைகூற எனக்கு நா எழவில்லை. அந்தத் தாயையும் மகளையும் நினைப்பவர் எவரும் வேலி வேண்டாம் என்று எளிதில் சொல்லிவிட முடியாது. ஆயினும் இழப்பு இழப்பே. வேலிக்கு அப்பாலிருந்து கேள்வி கேட்க எந்த முதலமைச்சராலும் இயலாது. சோறு யார் போடுவார் என்று திருப்பிக் கேட்க எந்தச் சிறுவனாலும் இயலாது. குண்டு வைத்தவர்கள் மனிதர்களை மட்டும் கொல்லவில்லை. அந்த நெருக்கத்தையும் காயப்படுத்திவிட்டார்கள்.

பெரியோரைத் தற்செயலாகக் காண்பதில் நமக்கு ஏன் இத்தனை மகிழ்ச்சி? அவர்கள் நம்மைப் போலவே புழுதியிலும் வெயிலிலும் நிற்கக்கூடியவர்கள் என்பதைக் கண்ணால் கண்டு தெளிவதனால்தான் என்று எண்ணுகிறேன். நாம் அவரைக் கண்டோம் என்பது பாதி மகிழ்ச்சியே. அவர் நம்மைக் கண்டார் என்பதே மறுபாதி. அந்த மறுபாதியைத் தேடியே என் தந்தையார் நாற்பது ஆண்டுகள் ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொன்னார்.

அவர் மறைந்து பல ஆண்டுகளாகின்றன. ஆவடிச் சாலை வழியே செல்லும்போது, அவர் மிதிவண்டியைச் சாய்த்த மரம் எதுவாக இருக்கும் என்று இன்றும் கண்கள் தேடுகின்றன. சாலை அகன்றுவிட்டது, மரம் இருக்க வழியில்லை. இப்போதெல்லாம் என் பேரப்பிள்ளைகள் அக்கதையைக் கேட்கிறார்கள். நேரு அவரைப் பார்த்துப் புன்னகைத்தார் என்றே நானும் சொல்லுகிறேன்.