விலகி நிற்கும் கண்: காட்டுயிர் ஒளிப்படமும் நெடுந்தொலைவு லென்சும்

முன்னுரை

அ. மாதவையாவின் ‘பத்மாவதி சரித்திரம்’ பாடமாக அமையும் ஆண்டுகளில், ஆசிரியரின் வாழ்க்கைக் குறிப்பைச் சொல்லி முடித்ததும் அவருடைய மகன் மா. கிருஷ்ணனைப் பற்றியும் சில சொற்கள் கூறுவது என் வழக்கம். தமிழ் நாவலின் தொடக்க காலத்தில், 1898இல் வெளிவரத் தொடங்கிய அந்நூலைத் தந்தவரின் மகன், இந்தியக் காட்டுயிர் ஒளிப்படக் கலையின் முன்னோடிகளுள் ஒருவர் என்பது மாணவர்க்குப் புதிய செய்தியாக இருக்கும். அப்படி ஒரு வகுப்பு முடிந்தபின் மாணவி ஒருத்தி என்னிடம் வந்து, “அம்மா, பறவைகளைப் படம் எடுக்க ஒரு ஜூம் லென்ஸ் வாங்கலாம் என்று பணம் சேர்த்து வைத்திருக்கிறேன். எதை வாங்கினால் நல்லது?” என்று கேட்டாள்.

தமிழ் கற்பிப்பவளிடம் கேட்கத்தக்க வினா அன்று அது. ஆயினும் விடை தேடத் தொடங்கியபோது, அச்சிறு வினாவுக்குப் பின்னே ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு இருப்பதைக் கண்டேன். ஓர் உயிரைப் பார்க்க மனிதன் அதனிடமிருந்து எவ்வளவு தொலைவில் நிற்கலாம் என்பதே அவ்வரலாற்றின் உட்பொருள். அதனைச் சுருக்கமாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். ‘வனவிலங்கு’ என்னும் சொல் பறவையையும் பூச்சியையும் விட்டுவிடுவதால், சு. தியடோர் பாஸ்கரன் போன்றோரின் எழுத்தால் நிலைபெற்ற ‘காட்டுயிர்’ என்னும் சொல்லையே இங்குக் கையாள்கிறேன்.

லென்சின் பிறப்பு

டெலி லென்ஸ் எனப்படும் தொலைவு லென்ஸ் 1891இல் பிறந்தது எனலாம். இங்கிலாந்தில் தாமஸ் ருடால்பஸ் டால்மேயரும், ஜெர்மனியில் அடால்ப் மீதே, அடால்ப் ஸ்டைன்ஹைல் ஆகியோரும் ஏறத்தாழ ஒரே காலத்தில் இதனை வடிவமைத்தனர். அடிப்படை எளியதே. முன்புறம் குவிவில்லைத் தொகுதி ஒன்று. அதற்குப் பின்னே சற்று இடைவெளி விட்டுக் குழிவில்லைத் தொகுதி ஒன்று. முன்தொகுதி குவித்து அனுப்பும் ஒளிக்கதிர்களைப் பின்தொகுதி சிறிதளவு விரித்து விடுகிறது. அதனால் பிம்பம் பெரிதாகிறது. கருவியோ தன் குவியத் தூரத்தைவிடக் குட்டையாக அமைகிறது. டால்மேயர் 1899இல் இத்துறைக்கென்றே தனி நூல் ஒன்றும் வெளியிட்டார்.

தொடக்க காலக் கருவிகள் சிலவற்றில் இரு தொகுதிகளுக்கும் இடையிலுள்ள தொலைவை மாற்றி உருப்பெருக்கத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடிந்தது. பிற்கால ஜூம் லென்சின் வித்து அங்கேயே இருந்தது. ஆனால் ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் குவியத்தைப் புதிதாகச் சரிசெய்ய வேண்டும். மேலும், துளையின் அளவு மாறாதபோது பிம்பத்தை இருமடங்கு பெரிதாக்கினால் அதன் ஒளி நான்கில் ஒன்றாகக் குறைந்துவிடும். அன்றைய ஒளிப்படத் தகடுகளோ ஒளியை மெல்லவே ஏற்பவை. அசையாத மலைமுகட்டுக்கு இக்கருவி போதும். கிளைவிட்டுக் கிளை தாவும் பறவைக்குப் போதாது. ஆகவே, லென்ஸ் பிறந்த பின்னும் முன்னோடிகள் வேறு வழிகளையே மிகுதியும் நாடினர்.

மறைவும் பொறியும்

முதல் வழி மறைந்து நெருங்குதல். இங்கிலாந்தின் யார்க்ஷயரைச் சேர்ந்த ரிச்சர்டு கியர்ட்டன், செர்ரி கியர்ட்டன் என்னும் உடன்பிறந்தோர் 1892இல் முட்டைகளோடு கூடிய பறவைக் கூடொன்றைப் படம் எடுத்தனர். முழுதும் ஒளிப்படங்களால் விளக்கம் பெற்ற அவர்களுடைய பறவைக் கூடுகள் நூல் 1895இல் வெளிவந்தது. பறவைகள் அஞ்சாதிருக்க, பாடம் செய்த காளையின் தோலைப் போர்த்திய உள்ளீடற்ற உருவம் ஒன்றைச் செய்து, அதனுள் புகுந்து நின்று படம் எடுத்தனர். இன்று நகைப்பூட்டும் செயலாகத் தோன்றினும், மனிதன் தன் மனித உருவையே மறைத்துக்கொள்ள வேண்டும் என்று உணர்ந்த செயல் அது.

இரண்டாம் வழி, மனிதன் இல்லாத இடத்தில் கருவியை வைத்துவிட்டு அகலுதல். அமெரிக்கரான மூன்றாம் ஜார்ஜ் ஷைராஸ், இரவில் ஏரிக்கரை மான்களை ஒளிவெட்டுப் பொடியின் துணையால் படம் பிடித்தார். சில படங்களைப் படகிலிருந்து எடுத்தார். சிலவற்றை விலங்கே கம்பியை இழுத்து எடுக்குமாறு பொறி அமைத்தார். நேஷனல் ஜியாகிரபிக் இதழின் 1906 ஜூலை வெளியீட்டில் அவருடைய 74 படங்கள் இடம்பெற்றன. இந்தியாவில் இம்முறையைப் பின்பற்றிப் பெரும்பயன் கண்டவர் வனத்துறை அலுவலரான எப். டபிள்யூ. சாம்பியன். வடநாட்டுச் சிவாலிக் காடுகளில் புலி நடக்கும் தடத்தில் கம்பி கட்டி, புலியே தன் படத்தை எடுத்துக்கொள்ளச் செய்தார். ‘வித் எ கேமரா இன் டைகர்லேண்ட்’ என்னும் அவருடைய நூல் 1927இல் வெளிவந்தது. துப்பாக்கியோடு காட்டுக்குள் செல்வதே பெருமை எனக் கருதப்பட்ட காலம் அது. ஒரு புலியின் வரியைப் போல் மற்றொன்றின் வரி இராது என்பதை அவர் தம் படங்களால் கண்டார். தானியங்கிக் கேமராக்களைக் கொண்டு புலிகளைக் கணக்கிடும் இன்றைய முறை அவ்வுண்மையின் மேல்தான் நிற்கிறது.

மா. கிருஷ்ணன்

இவ்விரு வழிகளுக்கும் அப்பால், பகலொளியில் விலங்கின் முன்னிலையிலேயே நின்று படம் எடுத்தவர் மா. கிருஷ்ணன். 1912இல் பிறந்த அவர், 1950 முதல் 1996இல் மறையும் வரை ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் இயற்கை பற்றிய பத்தியை இடைவிடாது எழுதினார். 1970இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அவருடைய தமிழ்க் கட்டுரைகள் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்னும் தொகுப்பாகப் பின்னர் வெளிவந்தன.

அவர் கையாண்ட கருவி எக்கடையிலும் முழுதாகக் கிடைப்பதன்று. வெவ்வேறு கருவிகளின் உறுப்புகளை இணைத்துத் தாமே அமைத்துக்கொண்ட அதனை ‘சூப்பர் பாண்டரோசா’ என வேடிக்கையாக அழைத்தார். கறுப்பு வெள்ளைப் படங்களையே எடுத்தார். முதுமலை முதலிய காடுகளில் நடந்தும், பழக்கிய யானையின் மீதமர்ந்தும் விலங்குகளை அணுகினார். அவருடைய படங்களில் யானையும் காட்டெருதும் தம் புல்லோடும் மரத்தோடும் நிழலோடும் நிற்கும். கருவியின் குறையை அவருடைய காட்டறிவு நிறைவு செய்தது. யானை காதை விரித்தால் என்ன பொருள், காற்று எத்திசையிலிருந்து வீசுகிறது, எந்த இடத்துக்கு மேல் ஓரடியும் வைக்கலாகாது என்பவற்றை அறிந்தவர்க்கே அம்முறை பொருந்தும். அவ்வறிவு இல்லாதவர் அதே தொலைவுக்குச் சென்றால் இரு தரப்புக்கும் கேடு. நம்மைப் போன்றோர்க்கு நீண்ட லென்ஸ் தேவைப்படுவது இதனாலேயே.

தொலைவின் கணக்கு

ஒரு சிறு கணக்கால் இதனை விளக்கலாம். முழுச்சட்டக் கேமராவின் படப்பரப்பு 24 மி.மீ. உயரமுடையது. 2.4 மீட்டர் உயரமுள்ள யானை ஒன்று அச்சட்டத்தை நிறைக்க வேண்டுமாயின், 50 மி.மீ. லென்ஸ் உடையவர் அதனிடமிருந்து 5 மீட்டரில் நிற்க வேண்டும், 500 மி.மீ. லென்ஸ் உடையவர் 50 மீட்டரில் நிற்கலாம். முன்னவர் யானையின் பாதையில் நிற்கிறார். பின்னவர்க்கு விலகி நிற்க இடம் இருக்கிறது.

இக்கணக்கை நான் கற்றது நூலிலிருந்து அன்று. ஆய்வு மாணவியாக இருந்தபோது, இரவல் வாங்கிய கேமரா ஒன்றோடு எங்கள் ஊர்க் கண்மாய்க் கரைக்குச் சென்றேன். அதில் இருந்தது 50 மி.மீ. லென்ஸ். பொட்டல் தரையில் ஆட்காட்டிக் குருவியொன்று நான்கு முட்டைகளை இட்டிருந்தது. படம் பெரிதாக வர வேண்டும் என்று அருகில் சென்றேன். பறவை எழுந்து கத்திக்கொண்டே வட்டமிட்டது. ஒளி சரியாக அமையும் வரை நெடுநேரம் அங்கேயே குந்தியிருந்தேன். நடுப்பகல் வெயிலில் அம்முட்டைகளுக்கு நிழல் தருவது தாயின் உடல்தான் என்பதை நான் அன்று அறியவில்லை. மறுநாள் சென்றபோது முட்டைகள் இல்லை. காகம் கொண்டுபோயிற்றோ, நாய் தின்றதோ. கூட்டிருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுத்தவள் நானே. அந்தப் படம் இன்றும் என்னிடம் உள்ளது. யாருக்கும் அதைக் காட்டியதில்லை. கியர்ட்டன் உடன்பிறந்தோர் தொடங்கிய கூட்டுப் படங்களை இன்றைய இயற்கைப் படப் போட்டிகள் பல ஏற்பதில்லை என்று அறிந்தபோது, அவ்விதியின் நியாயம் எனக்கு உடனே விளங்கிற்று.

ஜூம் லென்சின் வளர்ச்சி

குவியத் தூரத்தை மாற்றினும் கூர்மை மாறாதிருக்கும் ஜூம் லென்ஸ், 35 மி.மீ. நிலைப்படக் கேமராவுக்கு 1959இல் வந்தது. பிராங்க் பேக் வடிவமைத்து வாய்க்லாண்டர் நிறுவனம் வெளியிட்ட அது 36 முதல் 82 மி.மீ. வரையே எட்டியது. அதே ஆண்டில் நிக்கான் நிறுவனம் 85 முதல் 250 மி.மீ. வரை செல்லும் லென்சைக் கொணர்ந்தது. 1960களின் தொடக்கத்தில் அந்நிறுவனத்தின் 200-600 மி.மீ. லென்சும் வந்துவிட்டது, ஆயினும் அதன் துளை மிகச் சிறியது.

நீண்ட லென்சுக்கு மற்றொரு பகை நிறப்பிறழ்ச்சி. சிவப்புக் கதிரும் நீலக் கதிரும் ஒரே புள்ளியில் குவியாமையால் பறவையின் இறகோரத்தில் ஊதாக் கோடு படியும். இதனைக் களைய, செயற்கையாக வளர்த்த புளோரைட் படிகத்தைக் கேனான் நிறுவனம் 1969இல் தன் 300 மி.மீ. லென்சில் பயன்படுத்தியது. 1985இல் மினோல்ட்டா 7000 கேமரா தானியங்கிக் குவியத்தைப் பரவலாக்கியது. 1995இல் கேனானின் 75-300 மி.மீ. லென்சில் கைநடுக்கத்தை ஈடுசெய்யும் அமைப்பு இடம்பெற்றது. 1998இல் அதே அமைப்புடன் 100-400 மி.மீ. லென்ஸ் வந்தது. 2013இன் இறுதியில் டாம்ரான் நிறுவனம் 150-600 மி.மீ. லென்சை அறிவித்ததும், 2015இல் நிக்கானின் 200-500 மி.மீ., 2019இல் சோனியின் 200-600 மி.மீ. ஆகியவை தொடர்ந்ததும், முன்பு ஒரு சிலர்க்கே எட்டிய தொலைவை நடுத்தரக் குடும்பத்தாரும் எண்ணிப் பார்க்கத்தக்கதாக்கின.

தேர்வு

இவ்வரலாற்றைக் கொண்டு மாணவிக்கு நான் கூறிய விடையைத் தொகுத்துரைக்கிறேன்.

முதலாவது, எட்டும் தொலைவு. சிறு பறவைகளுக்கு 500 அல்லது 600 மி.மீ. வேண்டும். யானைக்கும் மான் கூட்டத்துக்கும் 100 முதல் 200 மி.மீ. போதும். விலங்கு நெருங்கி வரும்போது வண்டியை விட்டிறங்கவோ பின்வாங்கவோ இயலாத இடத்தில், ஜூம் லென்சின் குறுகிய முனையே கைகொடுக்கும்.

இரண்டாவது, ஒளி. 600 மி.மீ. லென்சின் துளை எஃப் 4 ஆக வேண்டுமாயின் அதன் விட்டம் 150 மி.மீ. இருத்தல் வேண்டும், எஃப் 6.3 எனில் 95 மி.மீ. போதும். முன்னது ஏறத்தாழ இரண்டரை மடங்கு ஒளியைத் தரும். ஆனால் அதன் எடையும் விலையும் பன்மடங்கு. காட்டுயிர்கள் நடமாடுவது புலரியிலும் அந்தியிலும் ஆதலால், இக்குறைவு பொருட்படுத்தத் தக்கதே. ஆயினும் சுமக்க இயலாத லென்சால் யாதொரு பயனும் இல்லை. இரண்டு கிலோ எடையே நாள் முழுதும் தோளில் தொங்கினால் கனக்கும்.

மூன்றாவது, நிலைப்பாடு. 600 மி.மீ. லென்சைக் கையில் பிடிப்பவர், வினாடியில் 600இல் ஒரு பங்குக்கும் குறைந்த நேரத்தில் படம் எடுக்க வேண்டும் என்பது பழைய விதி. நடுக்கம் தடுக்கும் அமைப்பு இவ்விதியைத் தளர்த்தும். ஆனால் அது நம் கையசைவைத் தடுக்குமேயன்றிப் பறவையின் சிறகசைவைத் தடுக்காது. வண்டிக்குள் முக்காலி விரிக்க இடமிராது. தானியம் நிரப்பிய துணிப்பை ஒன்றைச் சாளரத்தில் இட்டு அதன்மேல் லென்சைச் சாய்ப்பதே எளிது. நடுப்பகலில் தரையிலிருந்து எழும் கானலை எந்த விலையுயர்ந்த கண்ணாடியும் வெல்லாது.

முடிவுரை

நீண்ட லென்ஸ் வந்துவிட்டதால் மட்டும் காட்டுயிர்க்கு நன்மை விளைந்துவிடவில்லை. 600 மி.மீ. லென்சைக் கையில் வைத்துக்கொண்டே புலியைச் சுற்றி வண்டிகளை நெருக்கி நிறுத்துவோரை நாம் அறிவோம். கருவி தந்த தொலைவை ஆசை தின்றுவிடுகிறது. மதுராந்தகத்தை அடுத்த வேடந்தாங்கலில், பறவைகளைச் சுடலாகாது என அவ்வூர் மக்கள் அன்றைய ஆட்சியரிடம் முறையிட்டு 1798இல் உரிமை பெற்றனர் என்பர். எந்த லென்சும் பிறவாத காலத்திலேயே அவர்கள் கரையில் நின்று பார்ப்பதோடு அமைந்தனர்.

அம்மாணவி பழைய 200-500 மி.மீ. லென்ஸ் ஒன்றை இரண்டாம் விலைக்கு வாங்கினாள். சென்ற தை மாதத்தில் வேடந்தாங்கல் சென்று எடுத்த படமொன்றைக் கொணர்ந்து காட்டினாள். நத்தைகுத்தி நாரை ஒன்று தண்ணீரில் அலகை விட்டு நத்தை தேடிக்கொண்டிருந்தது. “சட்டத்தில் சிறியதாக விழுந்துவிட்டது அம்மா. இன்னும் கொஞ்சம் கிட்டப் போயிருக்கலாம்” என்றாள். பறவை தலை நிமிரவில்லை என்பதைச் சுட்டிக்காட்டி, இந்தப் படமே போதும் என்றேன்.