வெட்டுண்ட கைகள்

பல்லடம் வட்டாரத்திலே தறிகள் ஓடுகின்றன. கை ஓய்ந்தால் கஞ்சி இல்லை. கையின் அருமை அறிந்த அம்மக்கள் முன் ஒரு பழைய படத்தை நிறுத்திப் பார்க்கிறோம்.

1948! சிட்டாடல் நிறுவனத்தின் 'ஞானசௌந்தரி'. மாற்றாந்தாயின் சூழ்ச்சியால் இரு கைகளும் வெட்டுண்டு கானகத்தில் கதறும் மங்கையாக எம்.வி. ராஜம்மா. மாதா கோயில் வாசலை மிதித்தறியாதவரும் விம்மி அழுதனர். வேதம் கற்றா அழுதனர்? இல்லை! வீட்டுக்கு வீடு கேட்ட பேதைப் பெண்ணின் விம்மல், திரையிலே கேட்டது. அந்தக் கண்ணீரை நாம் பழிக்கமாட்டோம். அதே கதையை, அதே ஆண்டில், ஜெமினியும் எடுத்தது, எடுபடவில்லை. தேவமாதா இரண்டிலும் ஒருத்திதானே?

பிறகு நடப்பதென்ன? தேவமாதா அருளுகிறாள், கைகள் முளைக்கின்றன. வெட்டச் சொன்னவளுக்கு அத்துணை அதிகாரம் தந்த அரண்மனை அப்படியே நிற்கிறது, அதைக் கேட்பாரில்லை! ஆலை இயந்திரத்திலே விரல் இழந்தவனுக்கோ அருள் வரவில்லை. வந்தது தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம், 1923இல், மனிதர் இயற்றியது.

நான்கே ஆண்டுகள் கழித்து, 1952இல் 'பராசக்தி' வந்தது. அங்கும் கோயில், அங்கும் கண்ணீர் வடிக்கும் பெண். ஆனால் சிலைக்குப் பின்னாலிருந்து எழுந்தது தெய்வத்தின் குரலன்று, அண்ணனின் குரல்.