அமேசான் போன மிளகுக்கொடி

மிளகு கப்பலேறுவது நமக்குப் புதுக்கதை அல்ல. முசிறியிலிருந்து ரோமுக்கு மூட்டை மூட்டையாகப் போனதுதான். 1933இல் சிங்கப்பூரில் ஏறியது மட்டும் வேறு கணக்கு: 20 நாற்றுகள். ஜப்பானியக் குடியேறிகளை பிரேசிலுக்கு அழைத்துச் சென்ற உசுய் மகினோசுகே என்பவர் வாங்கியவை. வழியில் பயணி ஒருவர் இறந்துபோக, தகனத்துக்காகக் கப்பல் அங்கே நின்றதாகவும், அந்த இடைவெளியில் வாங்கியதாகவும் சொல்வார்கள்.

அவை போய்ச் சேர்ந்த இடம் தொமே-அசு. அமேசான் காட்டுக்குள், பெலெம் நகருக்குத் தெற்கே. 1929இல் முதல் ஜப்பானியக் குடும்பங்கள் இறங்கியபோது, அழைத்து வந்த நிறுவனம் கொக்கோ போடச் சொன்னது, அது கைகொடுக்கவில்லை. காய்கறி விளைவித்துப் படகேற்றினால் பெலெமில் வாங்க ஆளில்லை. மலேரியா வேறு. பலர் ஊரைவிட்டே போனார்கள்.

20 நாற்றில் பிழைத்தவை இரண்டு. மிளகுக்கு விதை வேண்டியதில்லை. கணுவோடு தண்டை நறுக்கி ஊன்றினால் வேர்பிடிக்கும். அந்த இரண்டையும் நறுக்கி நறுக்கித்தான் தோட்டங்கள் பெருகின. போர்க்காலத்தில் பிரேசில் ஜப்பானுக்கு எதிர்ப்பக்கம் சேர, குடியேற்றமே காவலுக்குள் வந்தது. போர் முடிந்ததும் காற்று திசைமாறியது. இந்தோனேசியத் தோட்டங்கள் பாழாகிக் கிடக்க, உலகச் சந்தையில் மிளகு விலை எகிறியது. ‘கறுப்பு வைரம்’ என்றார்கள். 1950களில் தொமே-அசுவில் மாளிகைகள் எழுந்தன. கூலிக்குப் பறித்த பிரேசிலியர்களுக்கு அந்தக் கதையில் இடம் குறைவு.

மேற்குத் தொடர்ச்சி மலையில் மிளகு உயிருள்ள மரத்தைப் பற்றி ஏறும், நிழலும் ஈரமும் சேர. தொமே-அசுவிலோ காட்டை வெட்டிச் சுட்டெரித்த வெட்டவெளியில் வரிசையாக மரக்கம்பங்களை நட்டு ஏற்றினார்கள். வெயிலில் காய்த்துக் கொட்டியது உண்மை. ஆனால் இரண்டே கொடிகளின் துண்டுகள் கண்ணுக்கெட்டிய தூரம் நின்றால் நோய்க்கு விருந்துதானே! ஃபியூசேரியம் பூஞ்சை வேரை அழுகவைத்தது. இலை மஞ்சளாகி, கணுக்கணுவாக உதிர்ந்து, கொடி கம்பத்திலேயே காய்ந்தது. மருந்து எடுபடவில்லை. 1970களில் பல குடும்பங்கள் கடனில் மூழ்கின.

வழி பக்கத்திலேயே இருந்தது. ஆற்றங்கரைக் குடிசைகளின் கொல்லையில் பழமரமும் காட்டுமரமும் கலந்து நிற்க, அங்கே யாரும் பட்டினி கிடக்கவில்லை. சகாகுச்சி நொபொரு போன்ற விவசாயிகள் அதைக் கவனித்தார்கள். மிளகு வரிசைகளுக்கு நடுவே கொக்கோ, அசாய், குப்புவாசு போன்ற பழமரங்கள், மேலே மஹோகனி. கொடி பட்டுப்போனாலும் கம்பத்தை வீணாக்கவில்லை. பேஷன் பழக் கொடியை ஏற்றிவிட்டார்கள். 1987இல் கூட்டுறவுச் சங்கம் பழக்கூழ் ஆலை தொடங்கியது. ஒருகாலத்தில் கைவிட்ட கொக்கோ இன்று ஜப்பானுக்குப் போய்ச் சாக்லேட்டாகிறது. மிளகும் விடைபெறவில்லை: மரங்கள் பலன் தரும்வரை முதல் சில ஆண்டுகளின் வீட்டுச்செலவைச் சுமப்பது அதுதான்.