கொள்ளிடம்: வெள்ளமட்டக் கணிப்பும் கரை வடிவமைப்பும்

கொள்ளிடம் காவிரியின் வடக்குக் கிளை. திருச்சிராப்பள்ளி அருகே முக்கொம்பில் பிரிந்து, சிதம்பரத்துக்குத் தெற்கே கடலில் கலக்கிறது. காவிரி வெள்ளத்தின் பெரும்பங்கு இதன் வழியே வடிவதால், கடலூர் மாவட்டத்தின் காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் வட்டங்களுக்கு இதன் வடகரையே காப்பு. எவ்வளவு நீர் வந்தால் ஆற்றில் எவ்வளவு உயரம் ஏறும் என்ற கணக்கை வைத்தே கரையின் உயரம் முடிவாகிறது.

ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டனின் திட்டப்படி 1836இல் முக்கொம்பில் மேலணையும் அணைக்கரையில் கீழணையும் எழுந்தன. பழைய வெள்ளம் மதகிலும் சுவரிலும் விட்டுச்சென்ற தடமே அக்காலப் பொறியாளர்களுக்கு முதல் அளவுகோல். வடிநிலப் பரப்பைக் கொண்டு உச்ச வெள்ளத்தைக் கணிக்கும் ரைவ்ஸ் வாய்பாடு, சென்னை மாகாணத்தை மனத்தில் வைத்து 1884இல் உருவானது. நீரின் வேகத்தைச் சரிவு, ஆழம், படுகையின் சொரசொரப்பு ஆகியவற்றோடு இணைக்கும் மானிங் வாய்பாடு 1889இல் வந்தது.

1924 ஜூலையில் காவிரியில் வந்த பெருவெள்ளம் பிற்காலக் கணக்குகளுக்கு ஒப்பீட்டு அளவாயிற்று. 1934இல் மேட்டூர் அணை முடிந்த பின், மழையோடு அணையின் நீர்த்திறப்பும் கணிப்பில் சேர்ந்தது.

1941இல் கணிதவியலர் கும்பெல் வகுத்த புள்ளியியல் முறை, ஆண்டுதோறும் பதிவான உச்ச வெள்ளங்களிலிருந்து அரிய வெள்ளத்தின் அளவைக் கணிக்க வழிசெய்தது. இந்தியாவில் வேளாண் நிலங்களைக் காக்கும் கரைகள் பொதுவாக 25 ஆண்டு வெள்ளத்துக்கும், நகரக் கரைகள் அதைவிடப் பெரிய வெள்ளத்துக்கும் வடிவமைக்கப்படுகின்றன. 25 ஆண்டு வெள்ளம் என்பது 25 ஆண்டுக்கு ஒருமுறை தவறாமல் வருவதன்று. எந்த ஆண்டிலும் அது வர 4 விழுக்காடு வாய்ப்பு உண்டு. 25 ஆண்டுக் காலத்தில் ஒருமுறையேனும் வர ஏறத்தாழ 64 விழுக்காடு வாய்ப்பு உண்டு. ஆகவே கணித்த மட்டத்துக்கு மேலும் கரையைக் கூடுதலாக உயர்த்துகிறார்கள். கரைக்குள் ஊறும் நீர் மறுபக்கச் சரிவில் கசிந்து வெளிவராதபடி அடியை அகலமாக்குகிறார்கள்.

இன்று வெள்ளமட்டக் கணக்கைக் கணினி செய்கிறது. அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை 1995இல் வெளியிட்ட ஹெக்-ராஸ் இதற்குப் பரவலாகப் பயன்படும் மென்பொருள். ஆற்றின் குறுக்கு வெட்டுகள், மேல்முனையில் நீர்வரத்து, கீழ்முனையில் கடல்மட்டம் ஆகியவை அதற்குத் தேவை. புயலின்போது கடல் பொங்கினால் முகத்துவாரத்தில் ஆற்றுநீர் வடியாமல் தேங்கி, மேலே வெள்ளமட்டம் உயரும். படுகையில் நாணலும் கருவேலமும் அடர்ந்தாலும் அதே நிலைதான். மணல் அள்ளிப் படுகை தாழ்ந்தால் நீர்மட்டம் குறையும். ஆனால் கரையின் அடி அரிபடும்.

2018 ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிடம் மதகுகளில் 9 அடித்துச் செல்லப்பட்டன. 2018இலும் 2022 ஆகஸ்டிலும் சிதம்பரம் அருகே அக்கரை ஜெயங்கொண்டபட்டினம், கீழகுண்டலபாடி, திட்டுக்காட்டூர் கிராமங்களை வெள்ளம் சூழ்ந்தது. இவை ஆற்றுக்குள் அமைந்த திட்டு ஊர்கள். கரையை உயர்த்துவதால் இவற்றுக்குக் காப்பில்லை. முன்னறிவிப்பும் உரிய நேர வெளியேற்றமுமே காக்கும். படுகை மாறிக்கொண்டே இருப்பதால், ஒவ்வொரு பெருவெள்ளத்துக்குப் பின்னும் ஆற்றை மீண்டும் அளந்து கணிப்பைத் திருத்தினால்தான் கரையின் உயரத்தை நம்ப முடியும்.