நாலந்தாவும் பிறநாட்டு மாணாக்கரும்: உறையுளும் உணவும் அளித்தோர் பற்றிய ஒரு நோக்கு

மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குச் செல்லும் பெருவழியில், நாவுல என்னும் ஊரை அடையுமுன் பிரியும் சிறு பாதையொன்று நம்மை நாலந்தாக் கெடிகேக்கு இட்டுச் செல்கின்றது. முற்றிலும் கல்லாலாய இச்சிறு கட்டடம் பல்லவர் கலைமரபைச் சார்ந்தது. மாமல்லபுரத்தைக் கண்டவர்க்கு இதன் கூடுகளும் தூண்களும் புதியன அல்ல. எட்டாம் நூற்றாண்டுக்கும் பத்தாம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டதென அறிஞர் பலர் கருதுவர். மகாவலித் திட்டத்தின் கீழ் போவத்தென்ன நீர்த்தேக்கம் அமைக்கப்பட்டபோது இது கல் கல்லாகப் பெயர்க்கப்பட்டு மேட்டு நிலத்தில் மீள எழுப்பப்பட்டது.

இங்கு வருவோர் பெரும்பாலும் கேட்கும் வினா ஒன்றுண்டு. பீகாரில் இருந்த பெரும் கல்வி நிலையமாகிய நாலந்தாவுக்கும் இவ்வூருக்கும் தொடர்புண்டோ? பெயரொற்றுமை ஒன்றைக் கொண்டு வரலாறு எழுதுதல் தகாது. இவ்வகையில் எழுதப்பட்டவை போதிய அளவுக்கு மேலேயே உள்ளன. ஆயினும் அவ்வினா வேறொரு வினாவுக்கு வழிகாட்டுகின்றது. அக்காலத்தில் கடல் கடந்து கற்கச் சென்றவர்க்கு உணவும் உறையுளும் அளித்தவர் யாவர்?

இவ்வினா பழைமை பற்றியது மட்டுமன்று. பழைய நாலந்தாவுக்கு அண்மையில், இராஜகிரகத்தில், 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நிறுவப்பெற்று 2014இல் கற்பித்தலைத் தொடங்கிய நாலந்தாப் பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவக் கற்கைகளுக்கெனத் தனிப் பள்ளியொன்று உண்டு. அப்பல்கலைக்கழக முயற்சியில் இணைந்த நாடுகளுள் இலங்கையும் ஒன்று. இன்றைய வணிகவியற் பள்ளிகள் பல பிறநாட்டுப் பள்ளிகளுடன் மாணவர் பரிமாற்ற உடன்படிக்கை செய்துகொள்கின்றன. ஓரிடத்துப் பயின்ற பாடத்தை மற்றோரிடம் ஏற்றல், விடுதி, உதவிப்பணம், மொழிப்பயிற்சி என்பனவே அவற்றின் உள்ளீடு. இவற்றுள் விடுதியும் உதவிப்பணமும் இல்லாதவிடத்து உடன்படிக்கை வெறும் தாளாகவே எஞ்சும். செல்வர் வீட்டுப் பிள்ளைகள் மட்டுமே கப்பலேறுவர். இவ்வுண்மையை நம் நாட்டவர் நான்காம் நூற்றாண்டிலேயே பட்டறிந்தனர்.

அச்செய்தியைச் சீன நூல்கள் தருகின்றன. இலங்கையிலிருந்து புத்தகயைக்குச் சென்ற பிக்குகள் இருவர் அங்குத் தங்குமிடமின்றித் துன்புற்றனர். மீண்டு வந்து தம் அரசனிடம் முறையிட்டனர். அவ்வரசன் கித்சிரிமேகவண்ணன். அவன் மணிகளைக் காணிக்கையாகக் கொடுத்துச் சமுத்திரகுப்தனிடம் தூதனுப்பி, புத்தகயையில் விகாரையொன்று எழுப்ப இசைவு பெற்றான். ஏழாம் நூற்றாண்டில் அதனை நேரிற் கண்ட யுவான் சுவாங், மூன்று நிலை மாடங்களுடன் அது விளங்கியதாகவும் ஆயிரத்திற்குச் சற்றுக் குறைந்த பிக்குகள் ஆங்கு வாழ்ந்ததாகவும் எழுதியுள்ளார். இலங்கைத் துறவிகள் அந்நாட்டுத் துறவிகளுக்கு நிகராக நடத்தப்பெறல் வேண்டும் என்பதே அதனை நிறுவியோர் நோக்கம் எனவும் அவர் கூறுவர். நாம் இதனைச் சிறப்பாக மனங்கொளல் வேண்டும். கேட்கப்பட்டது கூரை மட்டுமன்று, சமநிலையும் ஆகும். ஆந்திர நாட்டு நாகார்ச்சுனகொண்டாவில் மூன்றாம் நூற்றாண்டுக் கல்வெட்டொன்று சிங்கள விகாரை ஒன்றைக் குறிப்பிடுதலால், இம்முயற்சி முற்றிலும் புதிதன்று என்பதும் புலனாகும்.

இனிப் பெரிய நாலந்தாவை நோக்குவோம். வாயில் காப்போர் வினவும் வினாக்களுக்கு விடையிறுத்தே உட்புகவேண்டும். பிற இடங்களிலிருந்து வந்தோருட் பதின்மரில் இருவர் அல்லது மூவரே தேறினர் என்பர். தேறியவர்க்கு உணவுக்கவலை இல்லை. யுவான் சுவாங்கின் வரலாற்றை எழுதிய அவர்தம் மாணாக்கர் 100 ஊர்களின் வருவாய் அந்நிலையத்துக்குரியது என்கின்றார். பின்னர்ச் சென்ற இத்சிங் கூறும் தொகை 200 ஊர்களுக்கும் மேல். யுவான் சுவாங்குக்கு நாள்தோறும் வழங்கப்பெற்றவற்றுள் மகாசாலி அரிசியும் கற்பூரமும் 20 பாக்கும் அடங்கும். அவர் சிறப்பு விருந்தினர்; எல்லா மாணாக்கரும் இவ்வாறு பேணப்பட்டனர் என நாம் கொள்ளலாகாது. பாக்கினை அச்சீனப் பெரியார் என்செய்தாரோ அறியோம்!

நாலந்தாவில் 1921இல் கிடைத்த தேவபாலனின் செப்பேடு இவ்வறத்தின் அமைப்பைத் தெளிவாகக் காட்டுகின்றது. ஒன்பதாம் நூற்றாண்டினதாகிய அது, சுவர்ணத்தீவின் அரசன் பாலபுத்திரதேவன் நாலந்தாவில் விகாரையொன்று எடுப்பித்ததையும், அவன் தூதனுப்பி வேண்டியவாறு பாலமன்னன் ஐந்து ஊர்களை அளித்ததையும் கூறும். கட்டடம் அயலரசனது, அதனைப் பேணும் நிலவருவாய் உள்நாட்டரசனது. நாற்றிசைத் துறவியர்க்கும் உணவு, உடை, படுக்கை, மருந்து, சுவடி படியெடுத்தல், பழுதுபார்த்தல் என அவ்வருவாய் செல்லவேண்டிய வழிகள் வகுத்துரைக்கப்பட்டுள்ளன. விடுதியும் நூலகமும் மருத்துவ வசதியும் ஓர் ஆவணத்துள் அடங்கியமை காண்க.

தமிழகத்திலும் கற்போர்க்குப் படியளத்தல் வழக்காயிருந்தது. முதலாம் இராசேந்திரன் காலத்து எண்ணாயிரம் கல்வெட்டு 340 மாணாக்கர்க்கும் 14 ஆசிரியர்க்கும் நெல்லளவு குறிக்கின்றது. அது வேதக் கல்லூரியாதலால் நமது பொருளுக்கு அயலே நிற்கும். எனினும் கொடையை நாழிக்கணக்கில் எழுதிவைக்கும் மனப்பாங்கு ஒன்றே.

படியளந்தோர் அரசராயினும், மாணாக்கரை ஏற்றிச் சென்றோர் வணிகரே. பாகியன் தாம்ரலிப்தியிலிருந்து பெரிய வணிகக்கலமொன்றில் 14 நாளில் இலங்கையை அடைந்தார். இரண்டாண்டு இங்குத் தங்கி, சீனத்தில் கிடையாத விநய நூலைப் பெற்றார். இருநூற்றுக்கு மேற்பட்டோர் சென்ற வணிகக்கலத்திலேயே மீண்டார். அபயகிரியிலே பச்சைக்கல் புத்தர் படிமத்தின்முன் வணிகனொருவன் சீனத்து வெண்பட்டு விசிறியைக் காணிக்கையாக வைத்ததைக் கண்டு அவர் கண்ணீர் உகுத்தார். புறப்பட்டுப் பல்லாண்டு சென்றபின் தாய்நாட்டுப் பொருளொன்றைக் கண்ட கண்ணீர் அது. உணவும் உறையுளும் ஆற்றவியலாத துன்பமும் உண்டு போலும்.

வழிக்கு ஆயத்தம் செய்தலையும் அக்காலத்தார் அறிந்திருந்தனர். இத்சிங் ஸ்ரீவிசயத்தில் ஆறு திங்கள் தங்கி வடமொழி இலக்கணம் பயின்றார். இந்தியா செல்ல விழையும் சீனத் துறவியர் ஓரிரண்டாண்டு ஆங்குப் பயின்று செல்லுதல் நன்றென அறிவுறுத்தினார்.

இவ்வேற்பாடுகள் அரசியல் அமைதி குலைந்தவிடத்து ஒரே நாளில் அற்றுப்போயின. ஏறத்தாழ 640இல் யுவான் சுவாங் இலங்கைக்குப் புறப்படும் நோக்குடன் காஞ்சியை அடைந்தார். அங்கே இலங்கையிலிருந்து வந்த 300 பிக்குகளைச் சந்தித்தார். அரசன் இறந்தான், நாட்டிற் பஞ்சமும் குழப்பமும் மிக்கன என்றனர் அவர்கள். கற்கச் செல்லவிருந்தவர் வழியை மாற்றிக்கொண்டார். கற்பிக்கத்தக்கோர் ஏதிலிகளாய்க் கடல் கடந்திருந்தனர். இச்செய்தியை இலங்கையில் வாழும் நாம் பழங்கதையாக வாசித்துச் செல்லுதல் அரிது.

அவ்வேழாம் நூற்றாண்டிலேயே மானவன்மன் என்னும் இலங்கை அரசகுமாரன் காஞ்சியிற் பல்லவரிடம் அடைக்கலம் புகுந்து வாழ்ந்தான். பின் அவர் படைத்துணையுடன் அரசெய்தினான். அவன் வழியினர் ஆண்ட காலத்திலேயே பல்லவர் கலைமரபு இத்தீவின் நடுநாட்டை எட்டியது எனக் கொள்ளுதல் பொருந்தும். சிற்பியரும் ஒருவகையில் நாடுவிட்டு நாடு பெயர்ந்த கல்விமான்களே.

அக்காலத்தில் தென்னாட்டவரும் நாலந்தாவிற் பயின்றவருமான வச்சிரபோதி இலங்கைக்கு வந்து அபயகிரியில் தங்கி, வணிகருடன் கடல்வழியே சென்று ஏறத்தாழ 720இல் சீனத்தை அடைந்தார். அவர் இறந்தபின், அவர்தம் மாணாக்கர் அமோகவச்சிரர் 741இல் இலங்கை நோக்கிப் புறப்பட்டார். மானவன்மன் வழிவந்த அரசன் அவரை வரவேற்று உறையுள் அளித்தான். 746இல் அவர் மீண்டபோது ஏறத்தாழ 500 நூல்களைக் கலத்தில் ஏற்றிச் சென்றார்.