பாராஃபர்னேலியா

கிரேக்கத்தில் 'பெர்னே' என்றால் வரதட்சணை. 'பாரா' என்றால் அதற்கு அப்பால். வரதட்சணை போக, மணப்பெண் தனக்கென வைத்துக்கொண்ட உடைமையே 'பாராஃபெர்னா'. நம் சீதனமும் 'ஸ்திரீதனம்', அதாவது பெண்ணின் சொத்து என்பதன் திரிபுதான்.

ஆங்கிலத்தில் 'பாராஃபெர்னா' 'பாராஃபர்னேலியா'வாகி, தட்டுமுட்டுச் சாமான் என்ற பொருளுக்குத் தேய்ந்தது.

1979-இல் அமெரிக்கப் போதைப்பொருள் தடுப்பு முகமை வரைந்த மாதிரிச் சட்டத்தைத் தழுவி, பல மாநிலங்கள் போதைப்பொருளுக்கான 'பாராஃபர்னேலியா'வைக் குற்றமாக்கின. ஊசி, புகைக்குழாய் மட்டுமா? போதைப்பொருளைச் சோதிக்கும் கருவியும் 'பாராஃபர்னேலியா'தான். ஃபென்டானில் என்னும் வீரியமிக்க போதைமருந்தின் கலப்படத்தைக் காட்டி உயிர்காக்கும் காகிதப் பட்டையும் பின்னாளில் இதில் சிக்கியது. பொடியைக் கரைத்த நீரில் பட்டையை நனைக்கும்போது ஒரு கோடு தெரிந்தால் ஃபென்டானில் உண்டு. இரண்டு கோடு என்றால் தென்படவில்லை.

2021-இல் அரிசோனாவும் 2022-இல் பென்சில்வேனியாவும் சட்டத்தைத் திருத்தி, பட்டையை அச்சொல்லின் வரையறையிலிருந்து விடுவித்தன.